ஒரே வீட்டில் பல பூனைகள்: பகை ஏன், தணிவது எப்படி?

ஒரே வீட்டில் வாழும் பூனைகளுக்குள் பகை ஏன் மூள்கிறது, அதைத் தணிக்க வீட்டார் என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு அறுபது, எழுபது ஆண்டுகளாக விடை தேடிவருகிறார்கள். பூனை தனித்து வாழப் பிறந்த விலங்கு, இரண்டாவதைக் கொண்டுவந்ததே பிழை என்றார்கள் சிலர். இரண்டும் மோதிப் பார்த்து யார் பெரியவர் என்று முடிவு செய்துகொள்ளும், நாம் குறுக்கே போகக் கூடாது என்றார்கள் வேறு சிலர். பொறுமையாகப் பழக்கினால் இணங்கும், இடமும் மலத்தட்டும் போதுமான அளவு இருந்தால் சண்டை வராது, கருத்தடையும் மருந்தும் போதும் என்று பிறகு விடைகள் பெருகின. ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் சான்றின் வலு ஒன்றுபோல் இல்லை. வீட்டார் காதில் அதிகம் விழும் அறிவுரைக்கும் ஆய்வுகள் காட்டுவதற்கும் இடையே இன்னும் கணிசமான தூரம் இருக்கிறது.

கேள்வி வீட்டு அமைதியோடு நிற்பதில்லை. எடின்பரோவில் நடந்து 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, காரணம் புலப்படாத சிறுநீர்ப்பை அழற்சி கண்ட பூனைகளை நலமாயிருந்த பூனைகளோடு ஒப்பிட்டது. நோயோடு தொடர்புடையதாகத் தெரிந்தவற்றுள் ஒன்று, அதே வீட்டிலிருந்த இன்னொரு பூனையோடு ஒத்துப்போகாமை. கடுவன் பூனைக்கு இந்த நோய் முற்றிச் சிறுநீர்க்குழாய் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. ஒத்துப்போகாத பூனையைத் தெருவில் விட்டுவிடும் வீடுகளும் இருக்கின்றன. எனவே இதைச் செல்லம் கொஞ்சுபவர்களின் சிறு கவலை என்று ஒதுக்கிவிட முடியாது.

எதைப் பகை என்று கொள்வது?

மயிர் பறக்க உருண்டு புரண்டு கத்தும் சண்டையைத்தான் வீட்டார் பகை என்று எண்ணுகிறார்கள். பழைய ஆய்வுகளும் பெரும்பாலும் அதையே எண்ணின. சத்தமில்லாத பகை இதைவிடப் பரவலானது. ஒரு பூனை நடைவழியில் குறுக்கே படுத்துக்கொள்ளும். மற்றது அடுக்களைக்குப் போக எழுந்துவந்து, அதைப் பார்த்ததும் திரும்பிவிடும். மலத்தட்டு இருக்கும் குளியலறை வாசலில் ஒன்று உட்கார்ந்து உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்கும். மற்றது அடக்கிக்கொண்டிருந்து, கடைசியில் மெத்தைமேல் சிறுநீர் கழிக்கும். அடி விழுவது இரண்டாவது பூனைக்கு.

அமெரிக்காவில் ஒன்றுக்கு மேற்பட்ட பூனைகளை வளர்க்கும் 2,492 வீட்டாரிடம் கேட்டு 2020-இல் வெளியான ஆய்வில், பகையின் அறிகுறிகளுள் மிக அடிக்கடி காணப்பட்டது உற்றுப் பார்த்தல். முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள், பூனைகள் சேர்ந்த நாளிலிருந்தே ஏதோ ஒரு அறிகுறியைக் கண்டதாகச் சொன்னார்கள். அதே வீடுகளில் ஒட்டி உறங்குவது, மூக்கோடு மூக்கு வைப்பது போன்ற இணக்கமான செயல்கள் பகைச் செயல்களைவிட அதிகமாகவே நடந்தன என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். பகையும் இணக்கமும் ஒரே இணைக்குள் கலந்தே இருக்கின்றன.

விளையாட்டையும் சண்டையையும் பிரித்தறிவதும் எளிதன்று. ஸ்லோவாக்கிய ஆய்வாளர் நோயமா கய்தோஷ் க்மெட்சோவாவும் உடன் பணியாற்றியவர்களும் 105 பூனைகளின் காணொளிகளை அசைவு அசைவாக அலசி 2023-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கட்டிப்புரள்வது பெரும்பாலும் விளையாட்டோடு சேர்ந்தது. உறுமல், சீறல், ஒருதலையாகத் துரத்தல் ஆகியவை சண்டையோடு சேர்ந்தன. இரண்டுக்கும் இடைப்பட்ட மூன்றாவது வகை ஒன்றும் தெளிவாகத் தெரிந்தது. அது விளையாட்டையே அதிகம் ஒத்திருந்தது. விளையாட்டாகத் தொடங்கி, ஒன்று விலக நினைக்கும்போது மற்றது விடாமல் தொடர்வது இந்த இடைநிலையில் அடங்கக்கூடும். இருவரும் மாறி மாறித் துரத்துகிறார்களா, ஒன்று மட்டுமே ஓடுகிறதா என்று கவனிப்பது வீட்டார் செய்யக்கூடிய நல்ல சோதனை.

தனித்து வாழ்வதா, கூடி வாழ்வதா?

வீட்டுப் பூனையின் மூதாதை, மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் வாழும் காட்டுப் பூனை என்பதை 2007-இல் வெளியான மரபணு ஆய்வு உறுதிப்படுத்தியது. அது தனித்து வேட்டையாடும். தன் எல்லையை மணத்தால் குறிக்கும். சைப்ரஸில் சுமார் 9,500 ஆண்டுப் பழமையான ஒரு புதைகுழியில் மனிதனோடு பூனையும் கிடைத்தது என்றாலும், நாயைப்போல் கூட்டமாக வேட்டையாடிய முன்னோர் பூனைக்கு இல்லை. எலி ஒரு பூனைக்கு ஒரு சிறு வேளை உணவு. பங்கு போட அதில் எதுவும் மிஞ்சாது. தோற்றவர் தலைவணங்கிச் சமாதானம் கேட்கும் சைகைகள் பூனையிடம் வளராமல் போனதற்கு இந்தப் பின்னணியையே காரணமாகச் சொல்கிறார்கள். கூடி வாழ்பவர்களுக்குத்தான் சண்டைக்குப் பின் ஒப்புரவாக வேண்டிய தேவை உண்டு. தனித்து வாழ்பவர் விலகிப் போனாலே போதும்.

இந்தத் தரப்பின் முன்னோடி என்று ஜெர்மானிய நடத்தையியலாளர் பால் லைஹாவுசனைச் சொல்வது வழக்கம். அவரது எழுத்தை நெருங்கிப் படித்தால் சித்திரம் அவ்வளவு எளிதாக இல்லை. அக்கம்பக்கத்துப் பூனைகள் ஒரே பாதையை வெவ்வேறு நேரங்களில் பயன்படுத்துவதையும், சந்திப்பில் ஒன்று காத்திருந்து மற்றதற்கு வழிவிடுவதையும், இரவில் சில இடங்களில் சண்டையின்றிக் கூடி அமர்ந்திருப்பதையும் அவரே பதிவுசெய்தார். நெருக்கடியான கூண்டில் அடைத்தபோதுதான் ஒரு கொடுங்கோலனும் எல்லோராலும் ஒடுக்கப்படும் ஒரு பூனையும் தோன்றினார்கள்.

1970களின் இறுதியிலும் எண்பதுகளிலும் இங்கிலாந்துப் பண்ணைகளில் டேவிட் மக்டொனால்டும் ஸ்வீடனில் ஊலோஃப் லீபெர்யும் செய்த களஆய்வுகள் மறுபக்கத்தைக் காட்டின. உணவு ஓரிடத்தில் குவிந்து கிடைத்தால், தாய், மகள், சகோதரி என்று உறவான பெட்டைப் பூனைகள் சேர்ந்து வாழ்கின்றன; ஒன்றின் குட்டிக்கு மற்றொன்று பாலூட்டுவதும் உண்டு. இவற்றை வைத்து, பூனை சமூக விலங்கே என்று அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்து ஷாரன் குரோவல் டேவிஸ் 2004-இல் வாதிட்டார். பிரிட்டனின் ஜான் பிராட்ஷா அவ்வளவு தூரம் போகவில்லை. குடும்பத்தோடு ஒட்டும் திறன் பூனைக்கு உண்டு, அந்நியரை ஏற்கும் திறன் அதிலிருந்து தானாக வந்துவிடாது என்பது அவர் நிலை.

எனக்குப் பிராட்ஷாவின் நிலையே சான்றுக்கு நெருக்கமாகப் படுகிறது. பண்ணைப் பூனைகளின் இணக்கத்தை, தத்தெடுத்து வந்த இரண்டு அந்நியப் பூனைகளிடம் எதிர்பார்ப்பதுதான் இந்த வாதத்தில் அடிக்கடி நேரும் தாவல். ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகக் குழு 2022-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கூர்மையாக்குகிறது. 15 பூனைகளை ஐந்தைந்தாகப் பிரித்து ஒன்றாக வைத்து ஹார்மோன்களை அளந்தார்கள். மன அழுத்த ஹார்மோனும் ஆண்மை ஹார்மோனும் குறைவாக இருந்த பூனைகள் பிறவற்றோடு அதிகம் பழகின. ஆனால் மற்ற விலங்குகளில் நெருக்கத்தோடு சேர்த்துப் பேசப்படும் ஆக்ஸிடோசின் மிகுந்திருந்த பூனைகள் மற்றவற்றை நக்கிவிடவில்லை. சேர்ந்திருப்பவரைத் தன்னவராக உணர்வது வேறு, சகித்துக்கொள்வது வேறு என்று ஆய்வாளர்கள் பொருள்கொண்டார்கள். பூனைகளின் எண்ணிக்கை சிறியது என்பதால் இதை முடிவாகக் கொள்ள முடியாது.

பல பூனைகள் என்றாலே துன்பம் என்ற முடிவும் நிலைக்கவில்லை. பிரேசிலில் 60 வீடுகளின் 120 பூனைகளுடைய மலத்தில் அழுத்த ஹார்மோனின் எச்சங்களை அளந்து 2013-இல் வெளியான ஆய்வு, பல பூனைகளோடு வாழ்பவை தனிப் பூனைகளைவிடப் பொதுவாக அதிக அழுத்தத்தில் இருப்பதற்குச் சான்று காணவில்லை.

“தாமே தீர்த்துக்கொள்ளட்டும்”

மேல்கீழ் வரிசைக் கொள்கை கோழிகளிடமிருந்தும் ஓநாய்களிடமிருந்தும் வந்தது. சண்டை போட்டு ஒரு வரிசை அமைந்துவிட்டால் அமைதி வரும் என்பது அதன் சாரம். வீட்டுப் பூனைகளிடம் இதைத் தேடியவர்களுக்குக் கிடைத்தது வேறொன்று. பென்னி பெர்ன்ஸ்டைனும் மிக்கி ஸ்ட்ராக்கும் ஒரே வீட்டில் வாழ்ந்த, உறவற்ற, கருத்தடை செய்யப்பட்ட 14 பூனைகளைக் கவனித்து 1996-இல் எழுதினார்கள். ஒவ்வொன்றுக்கும் விருப்பமான இடங்கள் இருந்தன. ஒரே நாற்காலியைப் பல பூனைகள் வெவ்வேறு வேளைகளில் பயன்படுத்தின. மோதல் அரிதாக இருந்தது. லைஹாவுசன் வெளியில் கண்ட நேரப் பங்கீடு இங்கே வீட்டுக்குள் நடந்தது.

ஒன்றையொன்று நக்கிவிடுவதையும் அன்பென்றே கொண்டுவிட வேண்டாம் என்று நெதர்லாந்தின் ரூட் வான் டென் பாஸ் 1998-இல் காட்டினார். அடைப்பில் வாழ்ந்த பூனைகளுள் நக்கிய பூனை, நக்கப்பட்டதைவிட அடிக்கடி சண்டைத் தோரணை காட்டியது. அடிதடிக்குப் பதிலான ஒரு வடிகாலாக நக்குதல் இருக்கலாம் என்பது அவர் கருத்து.

விலக்காமல் விட்டுவிடுவதன் பெரிய குறை, ஒவ்வொரு சண்டையும் அடுத்ததற்குப் பயிற்சியாகிவிடுவது. கடிபட்டது பயந்து ஓடக் கற்கிறது. ஓடுவதைக் கண்டு துரத்த மற்றது கற்கிறது. மூடிய வீட்டில் விலகிப் போக இடமும் இல்லை. தண்ணீர் தெளிப்பது, அதட்டுவது, அடிப்பது ஆகியவை இதைவிட மோசம். தண்டனையின் வலியையும் பயத்தையும் பூனை எதிரே நிற்கும் பூனையோடு முடிந்துவைத்துக்கொள்ளும்.

மெல்லப் பழக்குதல்

இன்று மருத்துவர்களும் தத்துக்கொடுக்கும் அமைப்புகளும் முதலில் சொல்வது இதைத்தான். புதிய பூனைக்குத் தனியறை, தனித் தட்டு, தனிக் கிண்ணம். கன்னத்தில் தேய்த்த துணியை இடம் மாற்றி வைத்து ஒன்றின் மணத்தை மற்றதற்கு அறிமுகப்படுத்துதல். மூடிய கதவின் இருபுறமும் உணவு. பிறகு வலைக் கதவு வழியாகப் பார்த்தல். கடைசியில் குறுகிய நேரச் சந்திப்பு. பதற்றம் ஏறுமுன் அதை முடித்துவிடுதல். இதற்குச் சில நாளும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம்.

இதன் வேர் மனிதருக்கான உளமருத்துவத்தில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் 1940களின் இறுதியில் ஜோசப் வோல்பி பூனைகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்து அச்சமூட்டினார். பிறகு, அதிர்ச்சி தந்த கூண்டுக்கு எட்டத்தில் உணவு வைத்து, சிறிது சிறிதாக நெருக்கிக் கொண்டுபோய் அச்சத்தைக் கரைத்தார். மனிதரின் பயங்களுக்கான படிப்படியான சிகிச்சையாக அது 1958-இல் நூலாயிற்று. இன்று பூனைகளின் நலனுக்காகப் பயன்படும் முறை, பூனைகளைத் துன்புறுத்தி அறிந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

வீட்டளவில் சான்று எப்படி? கார்னெல் பல்கலைக்கழகத்தவர், காப்பகத்திலிருந்து பூனை எடுத்து ஏற்கெனவே பூனை இருந்த வீட்டில் சேர்த்தவர்களைக் கேட்டு 2005-இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. ஏறத்தாழப் பாதி வீடுகளில் தொடக்கத்தில் கீறலோ கடியோ நடந்தது. பின்னாளைய சண்டையோடு தொடர்பு காட்டியவை இரண்டு: முதல் சந்திப்பு பகையாக அமைந்தது, பூனைகள் வெளியே போய்வந்தது. வீட்டின் பரப்பு, பூனைகளின் பால், வயது ஆகியவை முன்கூட்டிச் சொல்ல உதவவில்லை. முதல் சந்திப்பைக் கவனமாக அமைக்க இது நல்ல காரணம். ஆனால் மோசமான முதல் சந்திப்பு பின்வந்த பகையை உண்டாக்கியதா, இயல்பிலேயே ஒத்துப்போகாத இணையை முன்னதாகக் காட்டியதா என்பதை இத்தகைய ஆய்வால் பிரிக்க முடியாது.

காலம் ஆற்றும் என்பதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். குரோவல் டேவிஸும் கெல்லி பாரியும் 60 இணைகளைக் கவனித்து 1999-இல் எழுதியபோது, நெடுநாள் சேர்ந்து வாழ்ந்தவற்றிடம் மூர்க்கம் குறைவாக இருந்தது. ஒத்தே போகாத இணைகள் அதற்கு முன்பே பிரிக்கப்பட்டிருக்கும் என்பதையும் நினைக்க வேண்டும். உறவான பூனைகள் அதிகம் ஒட்டியிருக்கின்றன என்று 2003-இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் தெரியவந்தது. ஆகவே ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டைச் சேர்த்தெடுப்பது, பின்னர் ஒன்றைச் சேர்ப்பதைவிட எளிது என்பதற்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது.

முறையின் நடைமுறைக் குறையையும் சொல்ல வேண்டும். உணவால் பழக்குவதாக எண்ணிக் கிண்ணங்களை அருகருகே வைத்துவிடுகிறார்கள். பசியால் இரண்டும் தின்னும். இணங்கிவிட்டன என்று தோன்றும். தலையைத் தூக்கி மற்றதைப் பார்த்துக்கொண்டே அவசரமாக விழுங்கும் பூனைக்குப் பழக்கம் நடக்கவில்லை. தனித்து உண்ணும் விலங்குக்கு அது அன்றாடச் சோதனை.

இடமும் பொருள்களும்

பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக வை என்பது எங்கும் கேட்கும் விதி. மருத்துவ அனுபவத்தில் பிறந்த தோராயம் அது. எண்ணுக்கே ஒரு மந்திரம் இல்லை. மூன்று தட்டுகளைக் குளியலறையில் வரிசையாக வைத்தால், வாசலை மறிக்கும் பூனைக்கு அவை ஒரே தட்டுதான். அமெரிக்க, பன்னாட்டுப் பூனை மருத்துவச் சங்கங்கள் 2013-இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், உணவு, நீர், தட்டு, கீறுமிடம், உறங்குமிடம் ஆகியவை ஒன்றிலிருந்து ஒன்று விலகிப் பல இடங்களில் இருக்க வேண்டும் என்பதை வலியுறுத்தியது. ஒரு பூனை மற்றதன் கண்ணில் படாமலே சாப்பிடவும், குடிக்கவும், கழிக்கவும், உறங்கவும் முடிகிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

சிறிய அடுக்ககத்தில் இது முடியுமா? தரைப்பரப்பு குறைவென்றால் உயரம் இருக்கிறது. பரண், பீரோ மேல், குளிர்பதனப் பெட்டியின் மேல், ஜன்னல் திட்டு ஆகிய எல்லாம் பூனைக்கு இடம்தான், ஏற ஒரு வழியும் இறங்க வேறொரு வழியும் இருந்தால். ஒரே வழியுள்ள உச்சி, துரத்தப்படும் பூனைக்குப் பொறி. கட்டிலடி, அலமாரி இடுக்கு போன்ற முட்டுச்சந்துகளை அடைப்பதும், நடைவழியில் ஒரு நாற்காலியைப் போட்டு நேர்ப் பார்வையை மறைப்பதும் செலவில்லாத ஏற்பாடுகள். இவ்வேற்பாடுகளின் பயனைத் தனித்தனியே சோதித்த வலுவான ஆய்வுகள் குறைவு. என்றாலும் பெர்ன்ஸ்டைன், லைஹாவுசன் அவதானிப்புகளோடு இவை பொருந்துகின்றன, தீங்கும் இல்லை. அதனால் மற்ற எந்த வழிக்கும் முன்பாக இதைச் செய்யலாம்.

கருத்தடை, மணம், மருந்து

இந்தப் பகுதியில் ஐயம் குறைந்தது கருத்தடைதான். கலிஃபோர்னியாவில் பெஞ்சமின் ஹார்ட்டும் பாரட்டும் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், வளர்ந்த கடுவன்களுக்கு விதை நீக்கியபின் சண்டை, ஊர்சுற்றல், சிறுநீர் பீய்ச்சல் ஆகியவை பத்தில் எட்டு, ஒன்பது பூனைகளிடம் குறைந்தன. கருத்தடை செய்த பூனைகளுக்குள்ளும் பகை மூள்கிறது என்பது உண்மை. ஆனால் கருத்தடை செய்யாமல் மற்ற எதையும் முயல்வது வீண்வேலை.

பாலூட்டும் தாய்ப் பூனையின் மணப்பொருளைப் போலச் செய்து அறையில் ஆவியாக்கும் கருவி ஒன்று விற்பனையில் இருக்கிறது. 45 வீடுகளில் நான்கு வாரம் போலிக் கருவியோடு ஒப்பிட்டு நடத்திய முன்னோட்டச் சோதனை 2019-இல் வெளியானது. கருவி வைத்த வீடுகளில் பகை கூடுதலாகக் குறைந்தது. ஆனால் போலிக் கருவி வைத்த வீடுகளிலும் கணிசமாகக் குறைந்தது. இருதரப்பு வீட்டாருக்கும் பூனைகளைக் கையாளும் வகுப்பு நடத்தப்பட்டிருந்தது அதற்கு ஒரு காரணமாகலாம். வீட்டாரின் மதிப்பெண்ணையே நம்பிய சிறு சோதனை இது; தயாரிப்பாளரின் பங்கும் இதில் உண்டு. துணைக்கு வைக்கலாம், இதை மட்டும் நம்ப முடியாது என்பது என் மதிப்பீடு.

ஃபுளுவாக்ஸெடின் போன்ற மனநல மருந்துகளைக் கால்நடை மருத்துவர்கள் கடினமான நேர்வுகளில் தருகிறார்கள். அவை பலன் காட்டச் சில வாரம் ஆகும். துரத்தும் பூனைக்குத் தருவதா, ஒளியும் பூனைக்கா, இரண்டுக்குமா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த வழக்கம் இல்லை. வீட்டில் இருக்கும் மனித மாத்திரையைத் தாமாகக் கொடுப்பது கூடவே கூடாது. பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடலாம்.

திடீரென்று மூளும் பகை

ஆண்டுக்கணக்கில் ஒத்துவாழ்ந்த இணை ஒரே நாளில் முறிவதை மேற்சொன்ன கொள்கைகள் எதுவும் முழுதாக விளக்குவதில்லை. இரண்டு காரணங்கள் அடிக்கடி காணப்படுகின்றன. மருத்துவமனைக்குப் போய்வந்த பூனை அந்நிய மணத்தோடு திரும்புகிறது. வீட்டிலிருந்தது அதை அடையாளம் காணாமல் தாக்குகிறது. மற்றது, திசைமாறிய கோபம். பார்சலோனாவின் மார்த்தா அமாத் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இதைத் தூண்டியவற்றில் முதன்மையானவை பெருஞ்சத்தமும் வேறு பூனைகளுடனான மோதலும். தீபாவளி வெடிச்சத்தமும், ஜன்னல் கம்பிக்கு வெளியே வந்து நின்று உறுமும் தெருக்கடுவனும் நம் வீடுகளில் இந்த இரண்டையும் தவறாமல் தருகின்றன. எட்டாத எதிரிமேல் எழுந்த வெறி அருகிலிருந்த தோழமைமேல் இறங்குகிறது. உடனே பிரித்து, இருட்டும் அமைதியுமான அறையில் வெறி அடங்கும்வரை விட்டு, மறுபடி புதுப் பூனைபோல் பழக்க வேண்டும். காரணமே தெரியாவிட்டால் மருத்துவரிடம் காட்டுவது முதல் வேலை; பல்வலியும் மூட்டுவலியும் பூனையைச் சிடுசிடுக்க வைக்கும்.

இன்னும் தீராதவை

மெல்லப் பழக்குதலையும் உடனே சேர்த்துவிடுதலையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு நீண்ட காலம் தொடர்ந்த வலுவான சோதனை இத்துறைக்கு அவசரமாக வேண்டும். பெரும்பாலான ஆய்வுகள் வீட்டார் சொல்லை நம்பியவை. சத்தமில்லாத பகையை அவர்கள் எளிதில் தவறவிடுகிறார்கள். இங்கே குறிப்பிட்ட வீட்டு ஆய்வுகள் நடந்த இடங்கள் பெரும்பாலும் மூடிய வீடுகள், உள்ளேயே வாழும் பூனைகள். மொட்டைமாடி வழியாக நான்கு வீட்டுக்குப் போய்வரும் நம் ஊர்ப் பூனைகளுக்கு அவற்றின் முடிவுகள் எவ்வளவு பொருந்தும் என்பது திறந்த கேள்வி. வெளியே போய்வரும் பூனைகளிடம் சண்டை அதிகம் என்ற கார்னெல் முடிவு இங்கும் சரியா என்று சோதித்துப் பார்ப்பது நம் கால்நடைக் கல்லூரிகளுக்கு ஏற்ற பணி.

அமெரிக்கப் பூனை மருத்துவர்கள் 2024-இல் வெளியிட்ட புதிய வழிகாட்டுதல், சண்டையோடு நிற்காமல் அதற்கு முந்தைய சத்தமில்லாப் பதற்றத்தையே மையத்தில் வைத்திருக்கிறது. சான்றுகள் சாயும் திசையும் அதுவே. பூனைகளைத் தோழராக்குவதைவிட, ஒன்றையொன்று சந்திக்காமலே நாளைக் கழிக்கும் வாய்ப்பை இரண்டுக்கும் தருவது எட்டக்கூடிய குறிக்கோள். தோழமை வந்தால் மகிழ்ச்சி.

எல்லாம் செய்தும் மாதக்கணக்கில் ஒரு பூனை பீரோ மேலேயே வாழ்ந்து, இரவில் மட்டும் இறங்கிவந்து தின்கிறது என்றால், அதற்கு வேறொரு நல்ல வீட்டைத் தேடிக் கொடுங்கள். அது தோல்வி ஆகாது. சில இணைகளுக்கு அதுவே சரியான சிகிச்சை. தெருவில் மட்டும் விட்டுவிடாதீர்கள். வீட்டில் வளர்ந்த பூனைக்கு அங்கே பிழைக்கத் தெரியாது.